அழுத்தித் தேய்ப்பவருக்கு ஒரு வாழ்த்துமடல்



பணி ஓய்வு பெறுகிறவருக்கும் மணிவிழாக் காண்கிறவருக்கும் வாழ்த்துமடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுக்கிற ஊர் நம்முடையது. விடிந்ததும் எழுந்து, தண்ணீர்த் தொட்டியோரம் நின்று, தோள்பட்டை குலுங்கப் பல் தேய்க்கிற உங்களுக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு வரி வாசித்ததில்லை. வாசிக்க வேண்டியதோ நிறைய இருக்கிறது.

முதலில் உங்கள் ஒழுங்கைச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் படுத்தாலும், கல்யாண மண்டபத்து ஜமுக்காளத்தில் புரண்டு எழுந்தாலும், ரயில் இன்னும் செங்கல்பட்டைத் தாண்டாவிட்டாலும், பல் தேய்க்காமல் நீங்கள் காபியைத் தொட்டதில்லை. அடுத்தது உங்கள் வலிமை. நீங்கள் தேய்க்கிற சத்தம் அடுத்த வீட்டு அடுக்களை வரை கேட்கிறது. மற்றவர்கள் மூன்று நான்கு மாதம் வைத்திருக்கிற பிரஷை, மூன்றே வாரத்தில் நார்கள் நாலாபக்கமும் சாய்ந்து நிற்கும்படி ஆக்கிவிடுகிறீர்கள். கடைக்காரர் ‘சாஃப்ட்’ என்று போட்டதை எடுத்து நீட்டினால், அது குழந்தைகளுக்கு என்று தள்ளிவைத்துவிட்டு ‘ஹார்ட்’ கேட்டு வாங்குகிறீர்கள். செய்வதை அரைமனத்தோடு செய்யாதவர் நீங்கள்.

அந்த வலிமைக்கு வாய்த்த எதிரியும் சாதாரணமானதல்ல. மனித உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல். எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாது உப்பு. எலும்பு அதற்கு ஈடாகாது. ஆனால் முறிந்த எலும்பு கூடும். எனாமலுக்குள் உயிரணு எதுவும் இல்லாததால் தேய்ந்துபோன எனாமலை உடம்பு மறுபடி உண்டாக்குவதில்லை. அப்பேர்ப்பட்ட பொருளோடு தினமும் மல்லுக்கு நின்று, அதன் பலவீனம் எங்கே என்று கண்டுபிடித்தவர் நீங்கள். கடிக்கும் பகுதியில் தடிமனாக இருக்கிற எனாமல், ஈறை நெருங்க நெருங்க மெலிந்து, பல்லின் கழுத்தில் இல்லாமலே போய்விடுகிறது. அதற்கப்பால் வேரைப் போர்த்தியிருப்பது சிமென்டம் என்ற படலம்; கழுத்தோரத்தில் அது ஒரு தலைமயிரின் தடிமன்கூட இல்லை. அதையும் கடந்தால் எனாமலைவிட மிகவும் மென்மையான டென்டின். உங்கள் பிரஷ் குறுக்கும் நெடுக்குமாகப் போய் அறுப்பது சரியாக அந்தக் கழுத்தைத்தான். வருஷக்கணக்கில் பாடுபட்டு, கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த முன்கடைவாய்ப் பற்களிலும், நகம் வைத்தால் தட்டுப்படுகிற ஆப்பு வடிவக் குழிகளை வெட்டியிருக்கிறீர்கள். வலக்கைக்காரர் என்றால் பெரும்பாலும் இடப்பக்கத்துக் குழிதான் ஆழம். கை முழு வீச்சோடு போய்ச் சேருவது அந்தப் பக்கம் என்பதால் அப்படி. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததுமே, நீங்கள் எந்தக் கையால் பிரஷ் பிடிக்கிறீர்கள் என்று பல் மருத்துவர் ஊகித்துவிடும் அளவுக்கு உங்கள் கையொப்பம் அங்கே விழுந்திருக்கிறது. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பதும், புளிப்பும் இந்தக் குழிக்குத் துணை நிற்பதுண்டு என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். அதனால் உங்கள் பங்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இத்தனை வலிமையும் எதை அகற்றுவதற்கு? காலையில் பல்லைச் சுரண்டினால் நகத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதை. கிருமிகளும், அவை சுரக்கிற பசையும், எச்சிலில் இருக்கிற புரதமும் சேர்ந்த படலம் அது. மெல்லிய நார் பட்டாலே கலைந்துவிடும். கலைக்காமல் சில நாள் விட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகும். இறுகிய காரை உங்கள் கைக்கும் அசையாது. மருத்துவரின் கருவிக்குத்தான் அசையும். ஆக, தொட்டாலே போகிறது ஒன்று, எவ்வளவு தேய்த்தாலும் போகாதது இன்னொன்று. வலிமைக்கு வேலையே இல்லாத அந்த இடைவெளியில் இத்தனை காலம் உங்கள் வலிமை முழுவதையும் கொட்டியிருக்கிறீர்கள். அடிப்பிடித்த பால் சட்டியைத் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்க்கிற கை, பல்லுக்கு வந்தாலும் அதே கையாகவே இருக்கிறது. சட்டிக்கு ஈறு கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

உங்கள் முன்னால் அந்த ஈறே பின்வாங்கியிருக்கிறது. இளவயதில் எடுத்த படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பற்கள் நீண்டிருப்பது தெரியும். பல் வளரவில்லை, ஈறு ஒதுங்கி வேரைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒதுங்கிய ஈறு தானாகத் திரும்பி வருவதில்லை. கொண்டுவர வேண்டுமானால் பெரும்பாலும் மேலண்ணத்திலிருந்து சதையை எடுத்து வேரின்மேல் வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். அதுவும் எல்லாப் பல்லுக்கும் முழுமையாகக் கைகூடுவதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சோம்பேறிகளுக்கு வருகிற நோய் என்றால் ஏதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது கடமை தவறாதவர்களைத் தேடிப்பிடித்து வருகிறது.

பிறகு வந்தது பல் கூச்சம். டென்டினுக்குள், பல்லின் நடுவிலுள்ள உயிர்க்கூழை நோக்கி நுண்குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம். அவற்றின் வாயை நீங்கள் திறந்துவிட்டதால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கிற திரவம் அசைந்து நரம்பைச் சுண்டுகிறது. ஐஸ்கிரீமை விட்டீர்கள். பானைத் தண்ணீரை விட்டீர்கள். பல் கூச்சத்துக்கென்று விற்கிற, விலை கூடிய பேஸ்டை வாங்கினீர்கள். அந்தப் பேஸ்டையும் அதே பிரஷில் வைத்து அதே வேகத்தில் தேய்க்கிறீர்கள். கொண்ட கொள்கையில் இவ்வளவு உறுதி வேறு யாரிடம் இருக்கும்?

வலிமை மட்டுமல்ல, இரக்கமும் உங்களுக்கு உண்டு. கீழ்த்தாடை முன்பற்களின் உட்பக்கத்தை உங்கள் பிரஷ் ஒருநாளும் தொந்தரவு செய்ததில்லை. எச்சில் சுரப்பியின் குழாய் நாக்குக்கு அடியில் வந்து திறப்பது அதற்குப் பக்கத்தில்தான். காரை முதலில் கட்டுகிற இடங்களில் அதுவும் ஒன்று. கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறம், பல்லும் பல்லும் நெருங்குகிற இடுக்கு, பல்லும் ஈறும் சேருகிற விளிம்பு என்று நோய் பிறக்கிற இடங்கள் எவையோ அவையெல்லாம் உங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. சிரித்தால் வெளியே தெரிகிற பக்கத்தில் பலத்தையெல்லாம் செலவழித்த பிறகு, அங்கே போகக் கைக்குத் தெம்பு மிச்சமில்லை. இடுக்குகளுக்குள் எப்படியும் எந்தப் பிரஷும் சரியாக நுழையாது. அதற்குப் பல் நூலோ, குச்சிபோல் சிறிய இடைப்பல் பிரஷோ வேண்டும்.

தங்கிவிட்ட கிருமியால் ஈறு வீங்குகிறது. பிரஷ் பட்டதும் ரத்தம் கசிகிறது. ரத்தத்தைக் கண்டதும் உங்கள் இரக்கம் இன்னும் கூடி, அந்தப் பக்கமே போவதில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். மெதுவாக, விடாமல் துலக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடக்கூடிய ரத்தம் அது. நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதைத் தள்ளிப் போடாதீர்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். ‘காரையை எடுத்தால் பல் ஆடும்’ என்று சொல்லி வீட்டில் எல்லோரையும் மருத்துவரிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்ததால் பல் முன்பே ஆட்டம் கண்டுவிட்டது. காரை அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

உங்களோடு ஒப்பிட ஒருவரைத் தேடினால் சார்லஸ் பாஸ் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், டுலேன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் டீனாக இருந்தவர். பல் மருத்துவரல்ல, மலேரியாக் கிருமியை உடம்புக்கு வெளியே கண்ணாடிக் குழாயில் வளர்த்துக் காட்டி 1912இல் பெயர் பெற்றவர். பிற்காலத்தில் அவருடைய நுண்ணோக்கி பல்லின் பக்கம் திரும்பியது. ஈறின் விளிம்புக்கு அடியில் கிருமி எங்கே பதுங்குகிறது, அங்கே நுழைய எவ்வளவு மெல்லிய நார் வேண்டும் என்று பார்த்தார். 1948இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கேட்டது 0.007 அங்குலத் தடிமனுள்ள நைலான் நார். மில்லிமீட்டரில் சுமார் 0.18. நுனி கூராக இல்லாமல் உருண்டிருக்க வேண்டும். தேய்க்கும் முறையை 1954இல் விரித்து எழுதினார். நாரை ஈறின் விளிம்பை நோக்கி 45 பாகை சாய்த்து வைத்து, வைத்த இடத்தை விட்டு நகராமல், முன்னும் பின்னுமாக மிகச் சிறிய அசைவில் அதிரவிட வேண்டும். அங்கே வேலை முடிந்ததும் இரண்டு மூன்று பல் தள்ளி அடுத்த இடம். பல் மருத்துவக் கல்லூரிகளில் பாஸ் முறை என்று இன்றும் கற்றுத்தருகிறார்கள். அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் குனிந்து பார்த்துக் கண்ட அந்த விளிம்பை, நீங்கள் ஒரே வீச்சில் தாண்டிப் போகிறீர்கள்.

நைலான் நார் வைத்த பிரஷ் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1938இல். அதற்கு முன் பன்றி மயிர். முதலில் வந்த நைலான் விறைப்பாக இருந்து ஈறைக் குத்தியது. மெல்லிய நார் பிறகுதான் வந்தது. நம்மூரில் வேப்பங்குச்சியையும் வேலங்குச்சியையும் ஒடித்தவர்கள்கூட, ஒடித்த மாத்திரத்தில் பல்லில் வைத்துத் தேய்க்கவில்லை. மென்று மென்று நுனியைப் பஞ்சாக்கிய பிறகே வைத்தார்கள். எல்லோரும் மென்மையின் பக்கம் நகர்ந்துவிட்ட பிறகும், கடைகளில் ‘ஹார்ட்’ இன்னும் தொங்குகிறதென்றால் அது உங்கள் விசுவாசத்தால்.

பொடி விஷயத்தில் முன்னோர் வழியை நீங்கள் மறக்கவில்லை. செங்கல் தூள், அடுப்புச் சாம்பல், உமிக்கரி, கல் உப்பு எல்லாம் உங்கள் வீட்டுக் கிணற்றடியில் இடம் பெற்றிருக்கின்றன. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர், பிடுங்கிய பற்களைப் பிரஷாலும் பல்பொடியாலும் தேய்த்துச் சோதித்து 1907இல் எழுதினார். கழுத்துக் குழியில் பொடியின் முரட்டுத்தனத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அன்றே தெரிந்த செய்தி. இப்போது பேஸ்டுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. டென்டினை அது எவ்வளவு அராவுகிறது என்பதை ஆர்டிஏ என்ற எண்ணால் சொல்கிறார்கள். 250ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தரம். செங்கல் தூளை யாரும் அளந்து தருவதில்லை. பட்டணத்துப் பிள்ளைகள் அதே கரியைக் கறுப்புப் பேஸ்டாக நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். அதன் பயனுக்கும் பாதுகாப்புக்கும் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் 2017இல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

இவ்வளவும் வெண்மைக்காக. அந்த வெண்மையை எனாமல்தான் தருகிறது. அதற்கு அடியில் இருக்கிற டென்டின் இயல்பிலேயே மஞ்சள். எனாமல் மெலிய மெலிய மஞ்சள் வெளியே தெரியும். மஞ்சளைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்க்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் மஞ்சள் வெளியே வருகிறது.

எலுமிச்சைச் சாறும் சோடாவும் குடித்தால் உடனே பல் தேய்த்துவிடுகிற சுத்தம் உங்களுடையது. வாயின் அமிலநிலையைக் காட்டும் பிஹெச் எண் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் மேற்பரப்பு இளகியிருக்கிறது, பிரஷுக்கு வேலை சுலபம். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் பொறுத்தால், எச்சில் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மசக்கையில் வாந்தி எடுக்கிற பெண்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். வாய் கசக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் உடனே பிரஷை எடுக்கிறார்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்தால் வாய்க்கு வந்த வயிற்று அமிலம் அடங்கும். பல் பிறகு தேய்க்கலாம்.

பேஸ்ட் வைப்பதிலும் உங்கள் கை தாராளம். விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷின் முழு நீளத்துக்கும் அலையாக வைக்கிறீர்கள். பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவு. தேய்த்து முடித்ததும் ஒரு செம்பு தண்ணீரில் வாய் நிறைய நிறையக் கொப்பளித்து, பேஸ்டில் இருந்த ஃப்ளோரைடை ஒரு சொட்டு விடாமல் துப்பிவிடுகிறீர்கள். சொத்தையைத் தடுப்பது அதுதான். இந்தியாவில் பேஸ்டில் அது பத்து லட்சத்தில் 1000 பங்கு வரை இருக்கலாம். நுரையைத் துப்பிவிட்டுப் பேசாமல் இருந்தால் அது பல்லில் தங்கி வேலை செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு கூடுதலாக உள்ள ஊர்களில், சின்னக் குழந்தைகளுக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

காலைக்கு இத்தனை மரியாதை செய்கிற நீங்கள், இரவைக் கண்டுகொள்வதில்லை. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். பல்லிடுக்கில் தங்கிய சோற்றையும் சர்க்கரையையும் கிருமிகள் விடிய விடிய நிம்மதியாக உண்டு அமிலம் சுரக்கும். ஒரு நாளில் ஒருவேளைதான் தேய்க்க முடியும் என்று யாராவது வந்து கையைப் பிடித்தால், நான் இரவைத்தான் கேட்பேன்.

இனி உங்கள் கொடையைச் சொல்ல வேண்டும். இந்தக் கலையை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் பிள்ளைக்கும் கொடுக்கிறீர்கள். தொட்டியோரத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கிற எட்டு வயதுப் பையனிடம் தினமும் சொல்கிறீர்கள்: “டேய், என்னடா தடவிக்கிட்டு இருக்க? நல்லா அழுத்தித் தேய்டா. சத்தமே வரலையே.”

“வலிக்குதுப்பா.”

“வலிச்சாத்தான்டா அழுக்கு போகும்.”

அவனுக்கு இப்போதுதான் கடைவாய்ப் பால்பற்கள் ஒவ்வொன்றாக விழப்போகிற பருவம். வரப்போகிற பற்களின் ஈறு எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் இருக்கும், யாரும் தொந்தரவு செய்யாவிட்டால். அவன் பிரஷை முஷ்டியில் பிடிக்காமல், பேனாவைப் பிடிக்கிற மாதிரி விரல் நுனியில் பிடிக்கட்டும். அப்படிப் பிடித்தால் தோளின் பலம் பல்லுக்குப் போகாது. சமையலறையில் எடை போடுகிற சின்னத் தராசு இருந்தால், அவனைப் பிரஷால் அதை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 150 கிராமிலிருந்து 200 கிராம் வரை போதும். அதற்குமேல் முள் ஏறினால் கையைத் தளர்த்தட்டும். சத்தம் வராமல், இரண்டு நிமிஷம், உட்பக்கத்திலிருந்து தொடங்கி. ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்கு இரவில் பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும் என்பார்கள். இன்னும் சில மாதம் அந்த வேலையை நீங்கள் செய்யலாம். மெதுவாகச் செய்வதற்கு அது உங்களுக்கும் பழக்கமாக அமையும். உங்கள் கழுத்துக் குழிகளை மருத்துவர் பல் நிறத்துப் பசையால் அடைத்துவிடுவார், ஆனால் பழைய கையோடு தேய்த்தால் அந்த அடைப்பும் தேய்ந்து உதிரும்.

உங்கள் பையன் சோறு பிசைவது வலக்கையால், நீங்கள் அதட்டி மாற்றியதால். எழுதுவதும் பிரஷ் பிடிப்பதும் இன்னும் இடக்கையால்தான். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அவன் அப்படியே கற்றுக்கொண்டால், குழி வலப்பக்கக் கோரைப்பல்லில் விழும்.